ஊக்கு விழுந்த படம்

மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது தாலியைக் கழற்றச் சொல்லக் கூடாது. இதை எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஓர் அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டு, அவர் என்னைப் பார்த்த பார்வையில் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து, "கழட்ட வேணாம்மா, மேல தூக்கி வாயில கவ்விக்கங்க" என்பதோடு சரி. கவ்வச் சொன்னால் கவ்விக்கொண்டே பேசுவார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் முகம் சிவக்கும்வரை பிடிப்பார்கள். நான் வெளியே வந்து "விட்டுருங்க தாயி" என்று கத்திய பிறகுதான் விடுவார்கள். எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

எத்தனை கவனமாக இருந்தாலும் படத்தில் ஊக்கு விழுந்துவிடும். எங்கள் பக்கத்துப் பெண்களின் தாலிக்கொடியில் ஊக்கு தொங்காமல் இருக்காது. முந்தானைக்கு ஒன்று, பிள்ளைக்கு முள் குத்தினால் எடுக்க ஒன்று, பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் கொடுக்க ஒன்று. என் கொடியில் எப்போதும் நான்கு இருக்கும். "கழுத்துல இரும்புக் கடை வச்சிருக்கா" என்று என் வீட்டுக்காரர் கேலி பேசுவார். பேசுகிறவர்தான் சட்டைப் பொத்தான் அறுந்தால் முதலில் என் கழுத்துப் பக்கம் கை நீட்டுவார்.

படிப்பை முடித்ததும் உசிலம்பட்டியில் ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் படம் ஃபிலிமில்தான். ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. கண்ணாடித் தாள்போல அதை எந்தப் பக்கம் திருப்பியும் பார்க்கலாம். வலது காலைத் திருப்பிப் பிடித்தால் இடது காலாகிவிடும். அதனால் படம் எடுக்கும்போதே ஓரத்தில் ஈயத்தில் செய்த எழுத்து ஒன்றை வைப்போம். இடது என்றால் எல், வலது என்றால் ஆர். எங்கள் நிலையத்தில் ஆர் எங்கோ தொலைந்துபோனது. புதிதாக ஒன்று வாங்கித் தரும்படி முதலாளி டாக்டரிடம் கேட்டேன். "வாங்கிருவோம்" என்றார். நான் அங்கே வேலை பார்த்த இரண்டு வருடமும் அதையேதான் சொன்னார்.

ஒருநாள் பொறுமை போய், என் தாலிக்கொடியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி ஆர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் எல் இருந்தால் இடது, ஊக்கு இருந்தால் வலது. கூடவே கொடுக்கும் ரிப்போர்ட் தாளில் வலதா இடதா என்று எழுதியே கொடுத்ததால் யாருக்கும் குழப்பமில்லை. அது முறையான வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடமாகிவிட்டது. இப்போது நான் மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருக்கிறேன். ஃபிலிம் போய்க் கணினி வந்துவிட்டது. பைக்கில் விழுந்தவர்கள், மாடு முட்டியவர்கள், குவாரியில் கல் உருண்டு அடிபட்டவர்கள் என்று மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் வந்துகொண்டே இருப்பார்கள். சில சமயம் பிணவறையிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அங்கே போகப் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உயிரோடு இருப்பவர்களைவிட அவர்கள் ஒரு விதத்தில் நல்லவர்கள், சொன்னால் அசையவே மாட்டார்கள்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் அங்கிருந்து கூப்பிட்டார்கள். ஒரு கண்மாயில் பல நாள் கிடந்த ஆண் உடல். முகத்தைப் பார்த்து யாரென்று சொல்ல வழியில்லை. வயது நாற்பதை ஒட்டியிருக்கலாம். இரண்டு கால்களையும் படம் எடுத்தேன். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு எப்போதோ முறிந்து, கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. வலது காலில் ஒன்றுமில்லை. படங்களை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

நான்காம் நாள் பிணவறைத் தாழ்வாரத்தில் ஒரே சத்தம். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவளுடைய புருசன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, கைப்பேசியைக்கூட எடுக்காமல் கிளம்பிப்போய் ஒன்றரை மாதமாகிறது. காணவில்லை என்று அவள் கொடுத்த புகாரை வைத்துத்தான் போலீசார் அவளை வரவழைத்திருந்தார்கள். வயது ஒத்துப்போனது, உயரம் ஒத்துப்போனது. பழைய கால்முறிவும் இருந்தது. மரபணு சோதனை முடிவு வர நாளாகும். அதற்குள் பார்ப்போமே என்று பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு மஞ்சள் பையில் ஃபிலிமைக் கொண்டுவந்திருந்தாள். ரிப்போர்ட் தாளைக் கரையான் அரித்துவிட்டதாம்.

"இது அவரு இல்ல சார். அவருக்கு ஒடஞ்சது சோத்தாங்கை பக்கத்துக் காலு. மூணு மாசம் நாந்தானே மடியில தூக்கி வச்சு எண்ண தேச்சேன்? எனக்குத் தெரியாதா?" என்று தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற அவளுடைய புருசனின் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இடது காலுதான் சார். நான் எதுத்தாப்புல உக்காந்து கட்டுப் பிரிக்கையில பாத்தேன். இதுக்குப் புத்தி கலங்கிப்போச்சு. ஊருல பந்தல் போட்டாச்சு, சொந்தமெல்லாம் வந்து உக்காந்திருக்கு. மூணு நாளாச்சு சார், குடுத்தீகன்னா கொண்டுபோயி நல்லபடியா அனுப்பிவச்சிருவோம்."

அவரும் கெட்டவர் இல்லை. பேசும்போதே அழுதுகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு வலது கால் இடப்பக்கம்தானே தெரியும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

பிரேதப் பரிசோதனை டாக்டர் கண்டிப்பானவர். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தால் ஒத்துப்போகவில்லை, திருப்பினால் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. "எழுத்தே போடாம எடுத்திருக்கான். எந்தக் கழுத எடுத்தானோ! ஓரத்துல ஊக்கு வேற கிடக்கு. துணியக்கூட ஒதுக்காம எடுத்திருக்கான்" என்று எரிச்சலோடு சொன்னார். அவர்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, அவராக இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் அழுதுகொண்டிருக்கும் சொந்தக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அண்ணன்காரர் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். கூட வந்திருந்த ஒரு கிழவி அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்துவிட்டு, வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஓரத்தில் கிடந்த ஊக்கைப் பார்த்தேன். நுனி லேசாக வளைந்த ஊக்கு. ஒருமுறை பிள்ளையின் கொலுசுத் திருகை நெம்பும்போது வளைந்தது. என் ஊக்கு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. எந்தக் கழுதை என்று கேட்ட மனிதரிடம் நான்தான் அந்தக் கழுதை என்று எப்படிச் சொல்வது? போலீசார் நிற்கிறார்கள், எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் நிற்கிறார்கள். மானம் போகுமே என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்ததற்காக இன்றுவரை எனக்கு வெட்கம்தான். அதற்குள் அந்தப் பெண் தாலியைப் பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினாள். விரல்களுக்கு நடுவே இரண்டு ஊக்குகள் தெரிந்தன.

"சார், அது வலது கால்" என்றேன். "படம் எடுத்தது நான்தான்."

ஊக்கின் கதையைச் சொல்லி முடித்ததும் டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஊக்கா?" என்றார். "ஏம்மா, வெளையாடுறியா? உன் வாய்ப்பேச்ச நம்பி நான் எழுத முடியுமா? சாட்சி இருக்கா?"

சாட்சி இருந்தது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தது. நான் உசிலம்பட்டியில் இருந்த சமயம் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அப்போது படம் எடுத்ததும் நான்தான். சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து காட்டும்வரை உடலைக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டரைக் கெஞ்சிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். பீரோவுக்கு மேலே இருக்கும் ஃபிலிமை எடுத்துக்கொண்டு உடனே ஆட்டோவில் வரச் சொன்னேன்.

"எதுக்குடி?" என்றார் அம்மா.

"உன் கையக் காட்டணும்."

"கை நல்லாத்தானே இருக்கு?"

"அய்யோ அம்மா, கோணலாத்தானே கூடியிருக்கு, அதத்தான் காட்டணும். கெளம்பி வா!"

அம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். மகள் வேலை பார்க்கும் இடத்துக்கு முதல்முறையாக வருகிறாராம். பிணவறை என்று நான் சொல்லவில்லை. வந்த பிறகு தெரிந்துகொண்டு என் கையில் நறுக்கென்று கிள்ளினார். ஆனால் டாக்டர் கேட்டதும் வலது கையை நீட்டி, "இதாங்கய்யா, மாவு பெசையக்கூட முடியாது. ஒழுங்காக் கட்டலன்னு இவகிட்ட அப்பவே சொன்னேன்" என்று புகார் சொல்லத் தொடங்கிவிட்டார்.

டாக்டர் இரண்டு ஃபிலிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அம்மாவின் மணிக்கட்டுக்கு ஓரத்திலும் ஓர் ஊக்கு. அதே அளவு, நுனியில் அதே வளைவு. டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எத்தனையோ எலும்புகளுக்கு அடையாளம் சொன்னவர் அன்று என் ஊக்குக்கு அடையாளம் சொன்னார். பிறகு ஊக்கு இருந்தால் வலது என்று வைத்து, கால் படத்தைத் திருப்பிச் சரிபார்த்து, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னதுதாம்மா சரி. வலது கால். இது உன் வீட்டுக்காரர் இல்ல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். என் அம்மா போய் அவள் பக்கத்தில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்து, அந்தக் கோணல் கையால் அவள் முதுகைத் தடவினார். நான் நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் வாங்கிக்கொண்டு, "இனிமே ஊக்கு வைக்காதம்மா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவள் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே வலது காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து ஒருவர் வந்தார். வடக்கே எங்கோ முறுக்கு போடும் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாராம். கோபம் தணிய அத்தனை நாளாகியிருக்கிறது.

"ஏண்ணே, ஒரு போன் போட்டா என்ன கொறஞ்சா போயிருவீக?" என்று நன்றாகத் திட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். "தப்புத்தான் தங்கச்சி. எம் பொழப்பப் பாருங்க, எனக்குப் போட்ட பந்தல நானே வந்து பிரிச்சேன்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"யக்கா, அந்தாளத் தேடி யாரும் வந்தாகளா?"

"யாரு?"

"அதான், இடது காலு ஒடஞ்சவரு."

யாரும் வரவில்லை. கெடு முடிந்ததும் மாநகராட்சி மயானத்தில் புதைத்துவிட்டார்கள். அந்த உடலுக்குப் போட்ட நம்பர் என்னிடம் இருந்தது. எப்போதாவது யாராவது ஒரு மஞ்சள் பையோடு வருவார்கள் என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"இடம் எங்கன இருக்குன்னு கேட்டுச் சொல்றீகளா?" என்றாள். "மூணு நாளு எம் புருசன் எம் புருசன்னே சொல்லிட்டாக. நான் இல்ல இல்லன்னு கத்துனேன். அவரு யாரு பெத்த பிள்ளையோ. அப்பிடியே விட்டுட்டுப் போக மனசு கேக்கல."

அவளுடைய மஞ்சள் பையில் வாழை இலையில் பொதிந்த ஒரு மாலை இருந்தது. மயானத்து அலுவலகத்துக்குப் போன் போட்டு, நம்பரைச் சொல்லி, இடத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் தாலிக்கொடியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, தாள் தொலையாதபடி முந்தானையோடு சேர்த்துக் குத்திக்கொண்டாள். புருசனிடம் திரும்பி, "வாங்க, அவரப் பாத்துட்டு வருவோம்" என்றாள். அவர் பையை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.