நான் தராத நூல்கண்டு

என் தையல் பெட்டியில் ஒரு வெள்ளை நூல்கண்டு கிடக்கிறது. பாதி தீர்ந்தது, ஓரத்தில் மஞ்சள் கறை. அதிலிருந்து ஒரு பட்டன்கூட நான் தைத்ததில்லை. வீட்டில் யாராவது ஊசியைத் தேடினால், "அந்தக் கண்டைத் தொடாதே" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அறையில், ஜன்னல் வழியாகச் சாரல் தெறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பில் அக்கா அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். "இதை நீ வச்சுக்கோ. நானே கேட்டாலும் குடுக்காத" என்றார். வருஷங்கள் ஓடிவிட்டன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் காது மடல் சுடுகிறது.

பில் அக்கா என்றால், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் நாங்கள் வேலை பார்த்த கமிஷன் கடையில் கம்ப்யூட்டரில் பில் போட்டவர். எனக்கு அங்கே எடை பார்த்துச் சொல்லும் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டது. அதில் பெரும்பங்கு அக்கா வாயிலிருந்து. தக்காளி விலை விழுந்து, விவசாயி தலையில் கை வைத்து உட்கார்ந்தால், "அண்ணாச்சி, தக்காளிதான் நசுங்கியிருக்கு, நீங்க நசுங்காதீக" என்பார். நேரம் கழித்துச் சரக்கு இறக்கும் டெம்போக்காரரிடம், "இந்தக் கத்திரிக்காய்க்கு வழியிலேயே வயசாயிட்டுது, பென்ஷன் எழுதிரவா?" என்பார். கடையே சிரிக்கும். ஆனால் சிரிக்கும்போதும் அக்காவின் இடது கை தாடையை விட்டு அகலாது. வலது கை ஒன்றாலேயே அத்தனை பில்லையும் அடிப்பார். புதிதாக வருகிறவர்கள், ஏதோ பெரிய யோசனையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கைக்கு அடியில் இருந்தது முடி. தாடையிலும் மேலுதட்டிலும் கழுத்திலும் கறுகறுவென்று வளர்ந்த முடி. மூட்டை தூக்கும் ஆட்களில் ஒருவன், அக்கா காதில் விழவேண்டும் என்றே சொல்வான்: "நம்ம கடையில ரெண்டு அண்ணாச்சி. ஒருத்தரு கல்லாவுல, ஒருத்தரு கம்ப்யூட்டர்ல." கல்லாவில் இருந்த முதலாளியும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு பல்லைக்கூட நான் மறக்கவில்லை.

அக்காவுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது, வந்தால் நிற்காது. குறைத்துச் சாப்பிட்டாலும் உடம்பு பூசிக்கொண்டே போனது. அதுவும் இந்த முடியும் ஒரே இடத்திலிருந்து, உள்ளே ஹார்மோன் நிலை குலைந்ததிலிருந்து வருகிறது என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. ஒரு டாக்டர் ஏறிட்டும் பார்க்காமல், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பினார். முடி போனால்தான் கல்யாணம் ஆகும் என்றார்கள் வீட்டில். ஒரு பெண்ணை இப்படி நடுவில் நிறுத்திவைத்துவிட்டு இரண்டு பக்கத்தாரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள்.

அக்காவின் அம்மா பொல்லாதவர் இல்லை. பார்லருக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, தானே நூல் போடக் கற்றுக்கொண்டவர். கதவைச் சாத்திவிட்டு, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்து, மகள் தாடையில் ஓட்டி ஓட்டி முடியை வேரோடு பிடுங்குவார். அக்கா கண்ணில் நீர் கோக்கும். அம்மா வாயில் நூலோடே 'உஃப், உஃப்' என்று ஊதிவிடுவார். பிறகு மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்.

கடைசியில் தென்காசியில், ஒரு மாடி கிளினிக்கில் லேசர் செய்துகொள்ள அக்கா போனார். துணைக்கு நான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, தாடையில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை வைத்துச் சுடுவார்கள். "ரப்பர் பேண்டை வச்சுச் சுண்டுத மாதிரி இருக்கு, சின்னப் பிள்ளைய வெளாட்டு" என்று அக்கா சிரிப்பார். அக்கா முகம் சிவக்க மாடியிறங்குவோம். கொஞ்ச நாளில் முடி பழையபடி வந்து நிற்கும். மறுபடியும் போவோம். மறுபடியும் வரும்.

ஒவ்வொரு முறையும் கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின நாள் அம்மா நூல்கண்டை எடுப்பார். விருந்தாளி வருகிறார் என்றால் அவசரமாக வீட்டைக் கூட்டிக் கோலம் போடுகிற ஜனங்கள் நாங்கள். "அந்த மூஞ்சியோடயா டாக்டர் முன்னாடி போய் நிப்பா? நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாவ?" என்பார். ஒரு முடி மிச்சமில்லாமல் பிடுங்கி, முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, முடி எடுக்க அனுப்பிவைப்பார்.

ஒருநாள் கிளினிக்கில் புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். அக்காவின் தாடையை விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முடி எங்கம்மா?"

அக்கா பெருமையாகச் சொன்னார். "நேத்தே அம்மா சுத்தமா எடுத்துட்டாவ."

டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டார். அதன் வெளிச்சம் முடியின் கறுப்பைப் பற்றிக்கொண்டு வேருக்கு இறங்கி அதைச் சுடும், வேரையே பிடுங்கிவிட்டால் சுடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று விளக்கினார். "நூல் போடக் கூடாது, வாக்ஸ் கூடாது, பிடுங்கவே கூடாது. ஷேவ் பண்ணிட்டு மட்டும் வரணும். இதை உங்களுக்கு யாருமே சொல்லலையா?" இத்தனை நாளும் வெறும் தாடையில் சுட்டுக்கொண்டிருந்த கிளினிக் பெண், செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முறையும் வழவழப்பான தாடையைப் பார்த்திருக்கிறாள். கேட்கவில்லை. கேட்கச் சொல்லி அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. பில் மட்டும் தவறாமல் வந்தது. அவளுக்கு மேலே இருந்தவர்களை என்றைக்காவது நேரில் பார்த்தால் கேட்பதற்கு என்று சில வார்த்தைகளை நான் இன்னும் வாயில் வைத்திருக்கிறேன்.

அந்த டாக்டர்தான் மாதவிலக்கைப் பற்றியும் கேட்டார், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினார். "லேசரால முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன், நல்லாக் குறையும். உள்ள இருக்கிறதுக்கு மாத்திரையும் வேணும், நடக்கவும் வேணும். இல்லேன்னா திரும்பி வரும்" என்றார். அக்கா மாடிப்படியில் பாதி இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "சாவியை நாங்களே கெணத்துல போட்டுட்டு, இத்தனை நாளும் வாசல்ல நின்னு கதவைத் தட்டியிருக்கோம், பாத்தியா?" என்றார். சிரித்தார். அதற்குப் பிறகு அழுதார்.

அன்றிலிருந்து நூல் கிடையாது, ரேசர்தான் என்று அக்கா முடிவெடுத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பளப்பிள்ள மூஞ்சியில கத்தியா? கம்பி கம்பியா மொளைக்கும்லா!" சவரம் செய்வதால் முடி தடிப்பதில்லை என்று டாக்டர் சொன்னதை எத்தனை தடவை சொன்னாலும் அம்மா காதில் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வரன் வந்தது. செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. "சீசன்லா, குத்தாலத்துல வச்சுப் பாத்துக்கிடுவோம். பொம்பளைய எல்லாரும் அருவியில குளிச்சு, சாப்பிட்டு, அப்படியே பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்பதற்கு உல்லாசமாகத்தான் இருக்கும். எதற்காக என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். பவுடரும் பூச்சும் அருவியில் நிற்காது. பேரருவியின் அடியில் நிற்கிறவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாக வேண்டும். தாடையை மறைக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லை.

பெண் பார்க்கும் நாள் காலை, நானும் துணைக்குப் போயிருந்த லாட்ஜ் அறையில், அம்மா மடியிலிருந்து நூல்கண்டை எடுத்தார். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்ட்டி. ஒங்காலப் புடிச்சுக் கேக்குதேன்." அடுத்த லேசருக்கு நாள் நெருங்கியிருந்தது. பிடுங்கினால் பொறுத்திருந்ததெல்லாம் பாழ். பிடுங்காவிட்டால் வரன் போய்விடும். அக்கா அம்மாவின் கையிலிருந்து கண்டை வாங்கினார். அதை என் கையில் வைத்து விரல்களை மடக்கினார். குளியலறைக்குள் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார்.

அருவியில் கூட்டம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கையில் மஞ்சள் கட்டியோடு வந்தார். "வாம்மா, நான் தேச்சு விடுதேன்" என்று பாசமாகத்தான் சொன்னார். கன்னத்தில் தேய்த்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. கட்டைவிரல் தாடைக்கு அடியில் போய், எதிர்த் திசையில் ஒருமுறை இழுத்துப் பார்த்தது. சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறவர்களை நான் தினமும் பார்ப்பவள். அதே விரல்.

"என்னட்டி, சொரசொரங்கு? சவரம் பண்ணுதியோ?" அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டார். சுற்றி நின்ற தலைகள் திரும்பின.

அக்கா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. தாடையை மறைக்கவும் இல்லை. "ஆமா அத்தை. உங்க மகனும் காலையில சவரம் பண்ணிட்டுத்தான வந்திருக்காவ? எங்க அம்மாவ விட்டுத் தடவிப் பாக்கச் சொல்லட்டுமா?"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த, யாரென்றே தெரியாத ஓர் அம்மாள் தண்ணீருக்குள்ளிருந்து பலமாகச் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஈரத் தலையைத் துவட்டக்கூட நிற்கவில்லை. ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம் இரண்டே நாளில் பொருந்தாமல் போனதாகத் தரகர் வந்து சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் அக்கா வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் அம்மா அவரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்: "நீயாவது அந்த நூலைக் குடுத்திருக்கலாம்லா?"

யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இன்று தெரியும். ஒரு பெண்ணின் தாடையில் நாலு முடியைக் கண்டதும் அவள் உடம்புக்கு என்ன என்று கேட்காமல், அவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா என்று கேட்ட ஒவ்வொருவர்மேலும். வெட்கத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சிரிப்பைத் தங்களுக்கு வைத்துக்கொண்டவர்கள்மேல்.

அக்கா மாத்திரையையும் விடவில்லை, நடையையும் விடவில்லை, லேசரையும் விடவில்லை. முடி நன்றாகக் குறைந்தது. அங்கங்கே எட்டிப் பார்ப்பதை ரேசரால் எடுத்துவிடுகிறார். இப்போது அதே சந்தையில் வேறு கடையில் பில் போடுகிறார். இரண்டு கையாலும் அடிக்கிறார். அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

நான் இப்போது குத்துக்கல்வலசையில் குடியிருக்கிறேன். போன வாரம் எதிர்வீட்டுக்காரி படியேறி வந்தாள். அவள் மகள் கல்லூரிக்குப் போகிறவள். எந்த வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றியிருப்பாள். "ஒரு வெள்ளை நூல்கண்டு இருந்தா குடுங்க மதினி. நாளைக்குப் பிள்ளைக்குத் தென்காசியில லேசர். கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கூட்டிட்டுப் போலாம்னு பாக்கேன்."

"இருக்கு. தர மாட்டேன்" என்றேன். ஏன் என்று நடந்தது அத்தனையையும் சொன்னேன். சவரம் என்ற வார்த்தை வந்ததும் அவள் முகம் கோணிவிட்டது. "நூல் இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க மதினி. வயசுப்பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்கேன், அதுக்காக இப்படி அசிங்கமாவா பேசுவீக?" என்று இறங்கிப் போய்விட்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஏலக் குரல்களும் கீபோர்டு சத்தமும். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, கடையில நூலுக்கா பஞ்சம்? நீ பெட்டியப் பூட்டிக்கிட்டு அங்கன உக்காந்திருந்தா அந்தப் பிள்ளை மூஞ்சி தப்பிச்சிருமா? போ. எங்கிட்டப் பேசாத, அவகிட்டப் போய்ப் பேசு."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருமுனைக் கடையிலிருந்து எதிர்வீட்டுக்காரி திரும்பிக்கொண்டிருந்தாள், மூடிய கையில் ஒரு சின்னப் பொட்டலம். தையல் பெட்டியைத் திறந்து, மஞ்சள் கறை படிந்த அந்தக் கண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவர்கள் வீட்டுக் கதவு அதற்குள் சாத்தியாகிவிட்டது. தட்டினேன். மறுபடியும் பலமாகத் தட்டினேன்.

திறந்தது மகள். கண்ணில் நீர் இருந்தது. இடது கை தாடையில் இருந்தது.