கட்டிவைத்த நகங்கள்

என் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி, அந்தச் சீன நாற்காலியின் இரண்டு கைப்பிடி முனைகளிலும், அடிபட்ட விரலுக்குப் போடும் கட்டுப்போலச் சுற்றியிருக்கிறது. முடிச்சுகள் இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

கருங்காலியை ஒத்த கனத்த மரம். முதுகுப் பலகையில் மேகங்களினூடே ஒரு டிராகன் நெளிந்தேறுகிறது. அதன் முன்கால்கள் இருபுறமும் இறங்கி, கைப்பிடி முனைகளில் நகம் விரித்து முடிகின்றன. கலை வரலாறு கற்பித்த எனக்கு அந்த நகங்களே முக்கியம். காலுக்கு ஐந்து. சீனத்தில் ஐந்து நகம் பேரரசருக்கு உரியது. மற்றவர்களுக்கு ஒன்று குறையும். அரண்மனைக்காகச் செதுக்கியதா, அதைப் பார்த்துப் பிற்காலத்தில் விற்பனைக்குச் செதுக்கியதா என்பதை என்னால் தீர்மானிக்க முடிந்ததில்லை. சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிக் காஞ்சிபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவி தறிக்காரர் வீட்டுப் பெண். நாற்காலி வந்த வாரமே அதில் உட்கார்ந்த அவள் தங்கையின் கல்யாணப் பட்டில் ஒரு நகம் மாட்டி, முந்தானையில் இழை இழுத்துவிட்டது. எங்கள் ஊரில் அது சிறிய விஷயம் அல்ல. அன்று மாலையே நகங்களைக் கட்டினாள். ஆய்வாளர்கள் வந்தால் நான் அவிழ்ப்பேன். அவர்கள் தெருமுனையைத் தாண்டுமுன் அவள் திரும்பக் கட்டியிருப்பாள். பேரரசரின் அடையாளத்தையே மறைக்கிறாய் என்று ஒருமுறை சற்றுக் கடுமையாகச் சொன்னேன். துணியின் முனையைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு, "உங்க ராஜாவ நகம் வெட்டிக்கினு வரச் சொல்லுங்க, அவுத்துடறேன்" என்றாள்.

அவள் மறைந்த பின் அந்த நாற்காலியை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை. ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தேன். சென்ற வாரம் படம் எடுக்க வந்த அதிகாரி, துணியை அகற்றலாமா என்று தயங்கிக் கேட்டார். நானே செய்கிறேன் என்றேன். அவர் கேமராவை எடுத்துவர வண்டிக்குப் போனார். இடப்பக்கத்து முடிச்சு சீக்கிரமே நெகிழ்ந்தது. வாழ்நாளெல்லாம் நான் பிறருக்குக் காட்ட விரும்பிய ஐந்து நகங்களும் வெளிச்சத்தில் நின்றன.

அப்போது, தாமலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வழியில் என்னைப் பார்க்க வந்த அவள் தங்கை, வழக்கம்போல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாராமலே முந்தானையை இடக் கைப்பிடிமேல் விட்டாள். பட்டு விழுமுன் என் உள்ளங்கை நகங்களின்மேல் இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னா மாமா, அக்கா கட்டனது எங்க?"

அதிகாரி கேமராவுடன் திரும்பியபோது, நாற்காலியைக் கொடுப்பதற்கில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இடப்பக்கத்து முடிச்சு நான் போட்டது. அது நிற்பதில்லை, காலையில் எழுந்ததும் மறுபடி இறுக்குகிறேன். வலப்பக்கத்து முடிச்சை நான் தொடுவதில்லை.