நூறு மீட்டருக்குள் ஒரு கழிப்பறை

பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் சட்டத்தை வகுப்பில் நடத்துவதும் ஒரு வேலைதான் என்று நானே நம்புவதற்கு ஐந்தாறு வருஷம் பிடித்தது. தினமும் மரக்காணத்தில் பஸ் ஏறி, உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே போய், புதுச்சேரிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் 'தொல்பொருள், பாரம்பரியச் சட்டம்' நடத்துகிறேன். விருப்பப் பாடம் என்று பெயர், விரும்பி வந்தவர்களை இன்னும் நான் பார்க்கவில்லை. யாரும் கேட்காத பாடத்தை நடத்தி வயிறு வளர்க்கும் என் சக ஜீவன்களுக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

ஏன் வந்தீர்கள்?

முதல் நாள் எல்லோரிடமும் இதைக் கேட்பேன். கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் முடிவு செய்துவிட்டு, ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். எங்கள் ஊர் ஃபேன்சி ஸ்டோர்காரர் மகன் அன்வர் எழுந்து, மற்ற பாடமெல்லாம் ஃபுல்லாகிவிட்டது என்று உண்மையைச் சொன்னான். இன்னொரு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு இல்லாமல் இருந்தால் போதுமாம்.

கடைசி பெஞ்சில் செல்வராணி. பிரம்மதேசத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அங்கே மத்திய அரசு பாதுகாக்கிற பழைய கோயில் இருக்கிறது. கோயிலைச் சுற்றி நூறு மீட்டருக்குப் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதனால் அவர்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கழிப்பறை கிடையாது. முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட அவள் அம்மா, விடிவதற்கு முன் குச்சி ஊன்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் வருகிறார். செல்வராணி சொன்னாள்: "அம்மாவுக்கு வீட்டுப் பின்னாடி ஒரு பாத்ரூம் கட்டணும் மேடம். கட்டக் கூடாதுன்னு சொல்ற சட்டம் எதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உப்பும் பாரம்பரியமும்

வகுப்பில் தூங்குகிறவர்களை வெயிலில் நிறுத்தினால் விழித்திருப்பார்கள் என்று உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். கோயில், கோட்டை மட்டுமல்ல, ஒரு ஊர் செய்கிற தொழிலும் பாரம்பரியம்தான் என்று பாத்தி வரப்பில் நின்று பேசினேன். கண் கூசியதில் யாரும் தூங்கவில்லை, கேட்கவும் இல்லை.

கேட்டவர் ஒருவர்தான், உப்பு வாரிக்கொண்டிருந்த குப்புசாமி. பலகையை ஊன்றிக்கொண்டு முழுப் பாடத்தையும் கேட்டார். பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் என்ன, நூறு மீட்டர் என்றால் என்ன என்று விவரம் விசாரித்தார். என் ஆறு வருஷத்தில் இவ்வளவு நல்ல மாணவர் வாய்த்ததில்லை. கடைசியில் அவர் கேட்டது: "அப்போ உப்பளத்தைச் சுத்தி நூறு மீட்டருக்கு மழை பெய்யக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட முடியுமாங்க?"

டேப் பிடித்த கதை

செல்வராணியின் வீடு அந்த நூறு மீட்டருக்குள் இருக்கிறதா என்று யாருமே அளந்து பார்த்ததில்லை. அதையே செய்முறைப் பாடமாக்கிவிட்டேன். கோயில் மதிலில் டேப்பின் ஒரு நுனியை அன்வர் பிடிக்க, மற்றவர்கள் தெருவோடு இழுத்துக்கொண்டு போனார்கள். குறுக்கே படுத்திருந்த எருமையை மட்டும் சட்டப்படி அப்புறப்படுத்த முடியவில்லை, தாண்டித்தான் அளந்தோம். வீட்டின் பின்பக்கம் நூற்றுமூன்று மீட்டரில் வந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நூறைத் தாண்டினாலும் அனுமதி வேண்டும், அதை நானே வாங்கித் தருகிறேன் என்று செல்வராணியின் அம்மா தனக்கோடியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அனுமதி வருகிற வரைக்கும் அந்த அம்மாள் காத்திருக்கவில்லை, மறுநாளே ஆள் வைத்துக் குழி வெட்டிவிட்டார். போனில் நான் பதறியபோது அவர் சொன்னார்: "படிச்சவங்க நீங்களே அளந்து சொல்லிட்டீங்க டீச்சர், அப்புறம் என்ன பயம்?"

வரைபடம்

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு தொல்லியல் துறை அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கிருந்த அதிகாரி நிதானமானவர். மேசையில் வரைபடத்தை விரித்து, மதிலுக்கு வெளியே ஏழு மீட்டர் தள்ளி ஒரு கோட்டைக் காட்டினார். பாதுகாக்கப்பட்ட எல்லை அதுதான். நூறு மீட்டரை அங்கிருந்துதான் அளக்க வேண்டும், மதிலிலிருந்து அல்ல.

ஆக, குழி தொண்ணூற்றாறு மீட்டரில் இருந்தது. எல்லையிலிருந்து அளக்க வேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். தெருவில் இறங்கியதும் கோபுரத்தைப் பார்த்தேன், பாடத்தை மறந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த அம்மாளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்றிருந்தது. குழியை மூடச் சொல்லிக் கடிதம் வரும் என்றார் அதிகாரி. பிறகு என் அடையாள அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேடம், நீங்க இந்த சப்ஜெக்ட்தானே நடத்துறீங்க?"

விடைத்தாள்

பரீட்சையில் 'கட்டுமானம் என்பதைச் சட்டம் எப்படி வரையறுக்கிறது?' என்று வழக்கமான கேள்வி ஒன்று வைத்திருந்தேன். எல்லோரும் முதல் இரண்டு வரியை எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானே அந்த இரண்டு வரியோடு நிறுத்திவிடுவேன். பெரும்பாலும் அதற்குள் மணி அடித்துவிடும்.

செல்வராணி கடைசி வரை எழுதியிருந்தாள். சாக்கடை கட்டுவது கட்டுமானம் ஆகாது, பொதுக் கழிப்பறை கட்டுவதும் கட்டுமானம் ஆகாது என்று அந்த வரையறையின் வாலில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. ஆறு வருஷமாக என் மேசைமேல்தான் இருந்திருக்கிறது. பொதுக் கழிப்பறை என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தாள்: "மேடம், அம்மா இன்னும் குழியை மூடலை."

வரிசை

கழிப்பறை பொதுவாக வேண்டும் என்பதற்காகத் தனக்கோடி பின்பக்கத்து இடத்தைப் பஞ்சாயத்துக்கு எழுதிக்கொடுத்தார். அந்த அதிகாரி அந்த வரியை மூன்று முறை படித்தார், மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், சரி என்று பதில் வந்ததும் அவரே எனக்குப் போன் செய்தார். அதற்குள் எனக்குச் செருப்பு ஒரு ஜோடி தேய்ந்தது.

இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மேலே 'பெண்கள் பொதுக் கழிப்பறை' என்று பெயிண்டில் ஒரு பலகை. திறந்த மறு வாரம் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தேன். தெருப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நாலாவதாக வாளியும் குச்சியுமாகத் தனக்கோடி. முன்னால் போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறாராம். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "என் எடம், நான் வெட்டுன குழி, நானே நாலாவதா நிக்கிறேன் டீச்சர். இருக்கட்டும், இப்ப எங்க தெருவுல யாரும் ஏரிக்கரைக்குப் போறதில்ல."

ஆகவே நான் கண்டறிந்த ஒரே சட்ட உண்மை இதுதான்: எந்தச் சட்டத்தையும் கடைசி வரி வரை படியுங்கள், அதை நடத்துகிறவர்களைப் பாதி வரைக்கும் நம்பினால் போதும்.