கூரில் ஒரு ரொமான்ஷ் வகுப்பும் நாலு வணக்கமும்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒருநாள், சுவிஸில் எங்கள் கூர் நகரத்தில் பாதிப் பாடம் ரொமான்ஷிலும் பாதிப் பாடம் டொச் என்கிற ஜெர்மனிலும் நடக்கும் வகுப்பு ஒன்று தொடங்கப்போவதாக அறிந்தேன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரொமான்ஷ் மலைப் பள்ளத்தாக்குகளின் மொழி. வேலை தேடி நகரத்துக்கு இறங்கியவர்களின் பிள்ளைகள் அதை மறந்துகொண்டிருந்தார்கள். தமிழைவிடச் சின்ன மொழி ஒன்றை நேரில் கண்ட மகிழ்ச்சி எனக்கு. எங்கள் தமிழுக்குச் சனிக்கிழமைக் காலை மட்டும்தான். இவர்களுக்கோ கிழமை முழுக்க. மகளைச் சேர்த்தே தீருவது என்று முடிவுசெய்தேன்.

"தமிழ், டொச், இனி இதுவுமோ?" என்றாள் மனைவி. "நீங்களே அவளை டொச்சிலைதானே ஏசுறியள்."

"ஏச்சு வேறை, பாசம் வேறையப்பா."

"ஓம், அந்தப் பாசத்தையாவது ஒருக்காத் தமிழிலை காட்டுங்கோ."

ஒரு சிக்கல் இருந்தது. இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால்தான் வகுப்பு. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், ரொமான்ஷ்காரர் எல்லோரும் ரொமான்ஷ் அழிவதைப் பற்றி டொச்சில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்த வீட்டுக்கு வந்தது போலிருந்தது. இரட்டைப் பிள்ளைகளின் தாய் ஒருத்தி, பிள்ளைகள் டொச்சில் பின்தங்கிவிடுவார்களோ என்று தயங்கினாள். வகுப்பே அவளிடம் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு உருளைக்கிழங்கு உரிக்கும் ரைன் பள்ளத்தாக்குப் பெண்ணிடம் ஒரு ரொமான்ஷ் உரையைப் பாடமாக்கி வந்திருந்தேன். சுவிஸில் எழுந்தால் கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார வேண்டும். தெரியாததல்ல. ஆனால் சபையைக் கண்ட யாழ்ப்பாணத்தான் அப்படி உட்கார முடியுமா? தலைவருக்கு வணக்கம், ஆசிரியைக்கு வணக்கம், பெற்றோருக்கு வணக்கம், கதவைத் திறந்துவிட்டவருக்கும் வணக்கம்.

நாலாவது வணக்கத்தில் எங்காடீன் பள்ளத்தாக்குத் தாடிக்காரர் ஒருவர் குறுக்கிட்டார். தங்கள் பள்ளத்தாக்கு ரொமான்ஷில் வணக்கத்தை இப்படிச் சொல்வதில்லையாம். இரட்டைப் பிள்ளைகளின் தாய் சட்டென்று திரும்பினாள். அவளும் ரைன் பக்கத்தவள். இந்த மனிதர் பேசுவதுதான் சரியான ரொமான்ஷ் என்றாள். மூன்றாவது பள்ளத்தாக்கு ஒன்று இருவரையும் மறுத்தது. கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் சண்டை, எல்லாம் ரொமான்ஷில். டொச் எப்போது வெளியே போனதென்று யாரும் கவனிக்கவில்லை. நடுவில் நான், மீதி உரையை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பரவசத்தில் நின்றேன்.

கடைசியில் அந்தத் தாய் முகம் சிவக்கப் பேனாவை எடுத்தாள். என் பக்கம் குனிந்து டொச்சில் விளக்கினாள்: "என்னுடைய பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்த வகுப்பில் இந்தத் தாடிக்காரருடைய ரொமான்ஷ்தான் நிற்கும்." இரண்டு பெயர்களையும் எழுதினாள்.

வீட்டுக்கு ஓடாத குறையாக வந்து, வகுப்பு தொடங்குகிறது, எல்லாம் என் உரையால்தான் என்றேன்.

"எவ்வளவு பேசினியள்?"

"நாலு வணக்கம்."

"அதோடை உங்களை நிப்பாட்டிப் போட்டினமோ?" என்றாள் மனைவி. "நல்ல சனம். பிள்ளையை நம்பி விடலாம்."