எதிர்க்கோஷ்டி பேனரில் எங்க வூட்டுக்காரர்

கட்சிக்காரன் பொண்டாட்டிக்கு அகராதியே தேவையில்ல. எங்க வூட்டுக்காரர் காலையில பல்லு விளக்கும்போதே ஆரம்பிச்சிடுவார். அவங்க ஆளு நாலு பேரைக் கூட்டிக்கினு ரோட்டுல உட்கார்ந்தா அது 'தூண்டிவிடுற வேலை'. இவர் உட்கார்ந்தா 'மக்கள் எழுச்சி'. அங்கேர்ந்து ஒருத்தன் இங்க வந்தா 'மனம் திருந்தி வந்தவன்', சால்வை உண்டு. இங்கேர்ந்து அங்க போனா 'பச்சோந்தி', 'வெல போனவன்'. 'கருங்காலி'யை மட்டும் லேசுல எடுக்க மாட்டார். கூட இருந்தே குழி பறிக்கிறவனுக்குன்னு அதைத் தனியா வெச்சிருந்தார்.

கூடுவாஞ்சேரியில கட்சி ரெண்டு கோஷ்டியா உடைஞ்சப்புறம் இந்த வார்த்தைங்களுக்கு ஓய்வே இல்ல. நேத்து வரைக்கும் எங்க வூட்ல நாஸ்தா தின்னவங்கல்லாம் எதிர்க்கோஷ்டி. யாரு யாரோட டீ குடிக்கிறான், எந்தக் கல்யாணத்துல யாரு பக்கத்துல உட்கார்ந்தான்னு பார்க்கிறதே பொழப்பாப் போச்சு. எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கிச்சு. போன் வந்து இவர் மாடிக்குப் போனா, என் காதும் பின்னாடியே போகும்.

உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆனப்போ எதிர்க்கோஷ்டித் தலைவரோட பொறந்த நாளுக்கு ஸ்டேஷன் பக்கம் பேனர் கட்டினாங்க. கீழ் வரிசையில சின்னச் சின்னத் தலைங்க. அதுல இவர் தலையும் இருந்துச்சு. யாரோ போன்ல படம் புடிச்சு ஊருக்கே அனுப்பிட்டாங்க. போன்ல கடுகாட்டம்தான் தெரிஞ்சுது, ஆனா இவரேதான்.

இவர் அசரல. ஒண்ணா இருந்த காலத்துப் படமாம், ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல கெடந்த பழைய தலைங்களை அப்படியே எடுத்து ஒட்டிட்டானாம். நடக்கிறதுதான். செத்துப் போன வட்டச் செயலாளரே ஒரு தடவை பேனர்ல நின்னு எல்லாரையும் வருக வருகன்னு கும்பிட்டுக்கினு இருந்தார். நான் நம்பினேன்.

என் தம்பி நம்பல. அவனும் எங்க கோஷ்டிதான், கட்சிக்கே இவர் இட்டாந்த ஆளு. நேரா வூட்டுக்கு வந்து, "அக்கா, மாமா கருங்காலி"ன்னான். எனக்கு எங்கேர்ந்துதான் அவ்ளோ ஆத்திரம் வந்துச்சோ. யாரு வூட்டு சோத்தைத் தின்னுட்டு யாரைச் சொல்றேன்னு கத்தினேன். இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். செருப்பை மாட்டிக்கினு போனவன்தான். தீபாவளிக்கு வரல. என் பொண்ணு வளைகாப்புக்கும் வரல. தாய்மாமன் எங்கன்னு கேக்காத ஜனம் இல்ல. வேலையா வெளியூர் போயிருக்கான்னு வாய் கூசாம சொன்னேன்.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்காக மாமல்லபுரம் போனேன். திரும்பறப்ப பஸ்ஸுக்கு நின்னா வெயில் மண்டையைப் பொளந்துச்சு. பக்கத்துல இளநீர்க் கடை. நிழலுக்கு ஒதுங்கி, ஒண்ணு வெட்டச் சொல்லிட்டு நிமிர்ந்தேன். கூரைக்கு பதிலா அந்தப் பொறந்த நாள் பேனரைத்தான் கட்டியிருந்தாங்க, படம் உள்பக்கமா. பழைய பேனருங்க இப்படி எங்கெங்கியோ போய்ச் சேரும். என் தலைக்கு நேர் மேல, முறம் அளவுக்கு எங்க வூட்டுக்காரர் மூஞ்சி, சிரிச்சுக்கினு. மூக்கு மேல கறுப்பு ஃபிரேம் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியை செங்கல்பட்டு கடையில நானேதான் பொறுக்கினேன். இவருக்குக் கண்ணு ஆபரேஷன் முடிஞ்ச பிறகு. கட்சி உடைஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆன பிறகு.

பழைய படமாம், பழைய படம். இளநீரை அப்படியே வெச்சிட்டு பஸ் ஏறினேன்.

வூட்டுக்கு வந்தா தெருமுனைக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கினு இருந்தார். துரோகிங்களைப் பத்திதான் அன்னிக்குப் பேச்சு. கண்ணாடியைக் காணோம்னு தேடினார். நான் எடுத்துக் குடுத்தேன்.

"மாமல்லபுரத்துல உங்க பழைய படத்தைப் பார்த்தேன். இந்தக் கண்ணாடியோட கீது."

வாங்கி மாட்டிக்கினார். அத்தனை வார்த்தை வெச்சிருந்த மனுஷன், எனக்குன்னு ஒண்ணும் எடுக்கல. சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கினு எறங்கிப் போய்ட்டார்.

நான் தம்பிக்குப் போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வாடான்னேன். அதுக்குள்ள தெருமுனை மைக்ல இவர் குரல் ஏற ஆரம்பிச்சுது. கருங்காலின்னார். கை தட்டினாங்க. தம்பிக்கும் போன்ல கேட்டிருக்கும்.

"மாமா இன்னா சொல்வாரு?"ன்னான்.

"அவரு அன்னிக்கு எந்தப் பக்கம் இருப்பாரோ, எனக்குத் தெரியாதுடா. நீ வா."