மாமா தள்ளிவிட்ட மல்லாட்டை

அத்தையைக் கட்டிக்கொண்ட மாமாவுக்கு உலகத்திலேயே என்னைத்தான் அதிகம் பிடிக்கும் என்று நான்காம் வகுப்பில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். என்னிடம் ஆதாரம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால், சாப்பிடும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். அப்பா அந்தப் பக்கம் திரும்பியதும் மாமா இலையில் இருக்கும் மல்லாட்டையும் முருங்கைக்கீரையும் என் இலைக்கு வந்துவிடும். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். “உனக்குத்தான் புடிக்குமே, சாப்டு கண்ணு” என்பார். கீரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் அவ்வளவு அன்பை வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் விழுங்கிவைப்பேன்.

அப்பாவுக்கு இது தெரியாது. கீழ்பென்னாத்தூர் நிலத்தில் விளைந்த மல்லாட்டையைத் திருவண்ணாமலை வீட்டில் மூட்டையாகப் போட்டுவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவித்துக் கொடுப்பவர் அவர். தங்கைக்கு இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தது தான்தான் என்ற பெருமை வேறு. மாப்பிள்ளை கொஞ்சம் ஒல்லி என்பது மட்டும்தான் குறை. அதைச் சாப்பாட்டால் சரிசெய்துவிடலாம் என்று இலைக்கு எதிரிலேயே நின்றுகொள்வார். எங்கள் வீட்டில் ‘போதும்’ என்பது மரியாதைக்குச் சொல்வது, அதை யாரும் நம்பிவிடக் கூடாது.

கல்யாணமான வருடமே இருவரும் தீபத்துக்கு வந்தார்கள். பகலெல்லாம் விரதம். மாலையில் மலை மேல் தீபம் தெரிந்ததும் மொட்டைமாடியில் நின்று கும்பிட்டுவிட்டு எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். நான் மட்டும் பக்கத்து மாடியில் விட்ட வாணத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கீழே வந்தபோது மாமா சாப்பிட்டு முடித்திருந்தார். முருங்கைக்கீரை அடை, அவித்த மல்லாட்டை எல்லாம் காலி. “மாப்ள இன்னைக்குத்தான் நல்லா சாப்டாரு” என்று அப்பா பூரித்துப்போய் அம்மாவிடம் சொன்னார். எனக்கு வைக்காமல் அவரே தின்றுவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

விடிவதற்குள் மாமாவின் வயிறு பானை போல உப்பிவிட்டது. வாந்தி நிற்கவில்லை. அம்மா கொடுத்த ஓமத்தண்ணீரும் வெளியே வந்தது. கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா ஆட்டோவுக்கு முன்னால் ஓடி வழி விலக்கினார். என்னையும் இழுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். அப்பா ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“இவருக்குக் குடல்ல ரொம்ப நாளா புண்ணுங்க” என்றார் டாக்டர். “ஆறுன எடம் தழும்பாகி, குடலே சுருங்கிப்போயிருக்கு. சாப்பாட்டால வந்த நோய் இல்ல. ஆனா சுருங்குன எடத்துல கடலையும் நாரும் போனா அடைச்சுக்கும். கொழைஞ்ச சோறுதான் சாப்புடணும்னு யாரும் சொல்லலையா?”

அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

“சொன்னாங்கண்ணா” என்றாள் அத்தை. “அவரு வெறும் வயித்துவலின்னுதான் நெனச்சிருந்தாரு. கல்யாணத்துக்கு அப்புறம்தான் பெரிய டாக்டர்கிட்ட காட்டுனோம். நான் பாத்த மாப்ளன்னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த. தெரிஞ்சா ஒடஞ்சுபோயிடுவன்னு நான்தான் சொல்லவேணாம்னுட்டேன்.”

அப்பா வராந்தாவுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பயமாக இருந்தது.

வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றியதில் அந்த முறை அடைப்பு விட்டது. ஆபரேஷன் எல்லாம் பிறகு வந்தது.

பொங்கலுக்கு அவர்கள் மறுபடி வந்தார்கள். நான் ஓடிப்போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். குழைந்த சோறும் ரசமும் அப்பாவே பரிமாறினார். மாமா ‘போதும்’ என்றதும் அப்பா கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் காத்திருந்தேன். என் இலைக்கு ஒரு பருக்கைகூட வரவில்லை. முழங்கையால் இடித்தும் பார்த்தேன். மாமா சிரித்துவிட்டு ரசத்தை வழித்துச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து மாமாவுக்கு என்மேல் பிரியம் போய்விட்டது என்று அடுப்படியில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்கள் வீட்டில் அவர் பயமில்லாமல் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.