பாதித் தழும்பு

அன்னூர் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் துணி அயர்ன் செய்யும் வேலை எனக்கு. நீராவி வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருப்பதைச் சூப்பர்வைசரிடம் மூன்று முறை சொன்னேன். "ஆர்டர் முடியட்டும் அம்மணி, மாத்திக்கலாம்" என்றார். குழாய் பிய்ந்து என் வலது முன்கை வெந்துபோனது. விபத்து அறிக்கையில் அவர் எழுதியது, தொழிலாளியின் கவனக்குறைவு.

புண் ஆறிய இடத்தில் தழும்பு சிவந்து, மேடுதட்டி, ஓயாமல் நமைத்தது. கோவையில் தோல் டாக்டரம்மா சிலிகான் ஜெல் எழுதிக் கொடுத்தார். தினம் இரண்டு வேளை, கழுவித் துடைத்து மெல்லிசாகப் பூசிக் காயவிட வேண்டும். குறைந்தது மூன்று மாதம்.

"சுத்தமாப் போயிருமுங்களா?"

"போகாது கண்ணு. மேடு அமுங்கும், நமைச்சல் குறையும்."

வேலைக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசர் என் கையைப் பார்த்து, "அட, ஆறிப்போச்சுங்களே!" என்று சிரித்தார். அன்று மாலை முழங்கைப் பக்கப் பாதிக்கு மட்டும் ஜெல் பூசினேன். மணிக்கட்டுப் பக்கத்தை அவருக்காக விட்டுவைத்தேன். தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவேன். அவர் சிரிப்பு நின்றுபோனது. எனக்கு அது போதவில்லை.

நான்கு மாதத்தில் பூசிய பாதி தட்டையாகி வெளுத்தது. மற்றது அப்படியே தடித்துக் கிடந்தது. அப்போதுதான் முதலாளியின் மகள் நிர்வாகத்துக்கு வந்தார். என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, பாதி மட்டும் இப்படி இருக்குது?"

"மருந்து போடலீங்க. கவனக்குறைவுன்னு எழுதுனவரு தெனமும் பாக்கோணுமுங்க."

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருந்தார். குழாய் விஷயம் முழுவதையும் சொன்னேன். உடன் வேலை செய்த இரண்டு பெண்களும் ஆமாம் என்றார்கள். அறிக்கையைச் சூப்பர்வைசர் கையாலேயே திருத்தி எழுத வைத்தார் முதலாளியின் மகள். பிறகு அவரைக் குடோனுக்கு மாற்றினார். தான் எழுதியதைத் தானே அடித்து அவர் திருத்தியதை நான் ரசித்துப் பார்த்தேன். இரக்கம் வரவில்லை.

மறுநாள் மீதிப் பாதிக்கும் பூசத் தொடங்கினேன். மூன்று மாதமாகிவிட்டது. இப்போது நமைச்சல் இல்லை, அந்தப் பாதியின் மேடு மட்டும் முழுதாய் அமுங்கவில்லை. "அப்பவே பூசியிருக்கலாமில்ல?" என்று டாக்டரம்மா திட்டினார்.

"ஆமாங்க" என்றேன். வருத்தமெல்லாம் இல்லை.